ஒரு பானைச் சோறும் 384 பேரும்

அம்மாடி, போன வாரம் குளுவாங்குக்கு வந்து என்னைப் பேட்டி எடுத்தியே, அதைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும். கோவம் ஒண்ணும் இல்ல. நாசி லெமாக் பொட்டலத்து மேல ஃபோனைச் சாய்ச்சு வச்ச. பதிவாகுதா பதிவாகுதான்னு அதையே பார்த்துக்கிட்டு, "தோட்டத்தை விட்டு வந்தது ரொம்ப வேதனையாத்தானே இருந்துச்சு தாத்தா?"ன்னு கேட்ட. நானும் "ஆமாம்மா"ன்னேன். ஜொகூர் பாருவுல இருந்து பஸ் ஏறி வந்த புள்ளைய வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. நெசத்தச் சொல்லவா? ரப்பர் தோட்டத்தை விட்டு இந்த அடுக்குமாடிக்கு வந்த அன்னைக்கு எனக்கு முதல்ல வந்தது தூக்கம். நாப்பது வருஷமா விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓடினவன், அன்னைக்கு எட்டு மணி வரைக்கும் புரண்டு படுத்தேன். வேதனை அப்புறமா, ஆறு மாசம் கழிச்சு வந்துச்சு. அதை நீ கேக்கவே இல்ல.

நீதான் எனக்கு ஒரு குதிரைக் கதை சொன்ன, ஞாபகம் இருக்கா? பெர்லின்ல ஹான்ஸ்னு ஒரு குதிரை. வான் ஓஸ்டன்னு ஒரு வாத்தியார் வளர்த்தது. கணக்குப் போட்டா குளம்பால தட்டித் தட்டி விடை சொல்லும். ஊரே கையெடுத்துக் கும்பிட்டுச்சு. ஆஸ்கர் ஃபங்ஸ்ட்னு ஒருத்தர் பொறுமையா சோதிச்சுப் பார்த்து 1907-ல குட்டை உடைச்சார். கேக்கிறவருக்கு விடை தெரியாட்டி குதிரைக்கும் தெரியல. சரியான எண்ணு வந்ததும் கேக்கிறவர் தலை துளி அசையும், அதைப் பார்த்துக் குதிரை காலை நிறுத்திடும். அம்மாடி, அன்னைக்கு நாசி லெமாக் பக்கத்துல உக்காந்திருந்த ஹான்ஸ் நான்தான்.

இந்தக் கிழவனுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு மத்தவங்க கேப்பாங்க. ஒரு வருஷமா நீ ஒவ்வொரு பாடத்தையும் என் முன்னாடிதான் ஒப்பிச்ச. மாணவர் கடன் உனக்கு, பாடம் எனக்கு. பாதி முதுகலை எனக்கும் வந்துடுச்சு, பட்டமளிப்பு அங்கிதான் பாக்கி. அதனால முதுகலை உளவியல் படிக்கிற எல்லாப் புள்ளைங்களுக்கும் சேர்த்தே சொல்றேன். ஸ்கூடாய்ல படிச்சாலும் சரி, கே.எல்.ல படிச்சாலும் சரி, ஆய்வை மேற்பார்க்கிற எஸ்.வி. எல்லாருக்கும் ஒரே எஸ்.வி.தான், கடைசித் தேதியும் ஒரே கடைசித் தேதிதான்.

முதல்ல அந்த 384. உன் ஆய்வுக்கு எத்தனை பேர் வேணும்னு கேட்டேன், யோசிக்காம 384-ன்னு சொன்ன. உன் சிநேகிதியும் 384. அவ சிநேகிதனும் 384. என்னடா இது, முருகன் கோயில் மந்திர எண்ணான்னு பார்த்தா, 1970-ல கிரெஜ்சியும் மோர்கனும் போட்டு வச்ச ஒரு அட்டவணை. ஊர்ல பத்துப் பேர் இருந்தா பத்துப் பேரையும் கேளு. ஆயிரம் பேர்னா 278. பத்தாயிரம்னா 370. பத்து லட்சம் பேர் இருந்தாலும் 384 போதும். அட்டவணையில தப்பு இல்ல. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு நம்ம பாட்டி கண்டுபிடிச்சதத்தான் அவங்க கணக்காப் போட்டிருக்காங்க. ஆனா பாட்டி முதல்ல பானையைக் கிளறுவா. கிளறாத பானையில மேல் சோறு வெந்திருக்கும், அடி தீய்ஞ்சிருக்கும், நடுவுல அரிசியாவே கிடக்கும். அந்த 384-ங்கிறது நல்லாக் கிளறின பானைக்கு, யார் பேர் வரும்னு யாருக்கும் தெரியாத மாதிரி சீட்டுக் குலுக்கி எடுத்த ஆளுங்களுக்கு.

நீ என்ன செஞ்ச? கூகள் ஃபார்ம் ஒண்ணு போட்டு வாட்ஸ்அப் குழுவுல தட்டி விட்ட. தலைப்பு, தோட்டத்தை விட்டு வந்த முதியவர்களின் தனிமை. எந்த முதியவர் அம்மா வாட்ஸ்அப்ல கூகள் ஃபார்ம் நிரப்புறார்? பக்கத்து பிளாக் முனியாண்டி கண்ணாடியில்லாம தன் பேரையே படிக்க மாட்டார். பேரப்புள்ளைங்க தாத்தாவுக்குப் பதிலா ரொட்டி சானாய் தின்னுக்கிட்டே அமுக்கி விட்டிருக்கும். முப்பது வெள்ளி வவுச்சர் குலுக்கல்னு வேற போட்டிருந்த. தனிமையைப் பத்தின ஆய்வுல, கூட்டமா உக்காந்து நிரப்பினவங்கதான் ஜாஸ்தி.

தோட்டத்துல இதுக்கு ஒரு பேர் உண்டு, ரோட்டோர மரம். துரை கார்ல வர்ற பாதையோரம் நிக்கிற ரப்பர் மரத்துல வெட்டு அழகா இருக்கும். பட்டை சீவின மாதிரி, காயமே இருக்காது, பால் புடிக்கிற மங்கு கழுவிக் கவிழ்த்திருக்கும். அதைப் பார்த்துட்டுத் துரை தலையாட்டிட்டுப் போயிடுவார். உள்ளாற நாலாவது நிரையில மரம் எல்லாம் காயம் பட்டு அழுதுக்கிட்டு நிக்கும். உங்க உளவியல் சாஸ்திரமே ரோட்டோர மரம் பார்த்துதான் வளர்ந்துச்சுன்னு நீயே ஒரு கட்டுரை படிச்சுக் காட்டின. ஹென்ரிக்குன்னு ஒருத்தரும் கூட்டாளிங்க ரெண்டு பேரும் 2010-ல எழுதினது. பெரிய பத்திரிகைகள்ல வந்த ஆய்வுகள்ல நூத்துக்கு 96 பேர் மேற்கத்திய, பணக்கார நாட்டு ஆளுங்க. உலகத்துல அந்த நாட்டுக்காரங்க நூத்துக்குப் பன்னெண்டு பேருதானாம். அதுலயும் நிறையப் பேர் காலேஜ் புள்ளைங்க. நீ உன் வாட்ஸ்அப் குழுவை வச்சு மலேசியத் தமிழர் மனசைச் சொல்றதுல அந்தப் பரம்பரை அப்படியே தெரியுது, அதுக்கு ஒரு சபாஷ்.

சரி, கேள்விக்கு வர்றேன். ஆங்கிலக் கேள்வியை மெஷின்ல போட்டுத் தமிழாக்கி எடுத்துட்டு வந்த. மனசு வாடினதை அவங்க ஊதா ஆயிட்டேன், நீலம் ஆயிட்டேன்னு சொல்லிக்குவாங்க போல. உன் படிவத்துல "கடந்த வாரம் நான் நீலமாக உணர்ந்தேன்"னு இருந்துச்சு. உன் பெரியத்தை அதைப் படிச்சுட்டு, "எனக்கு நீலம் எடுக்காது, மெரூன் கலர்தான்"னு சொல்லி, "ஒருபோதும் இல்லை"யில டிக் பண்ணினா. கணக்குப்படி அவ மனசு பூப்போல இருக்கு. அந்த மனுஷி புருஷன் போனதுல இருந்து ராத்திரி விளக்கை அணைக்கிறதே இல்ல. தமிழ்ல எழுதினதைக் கேள்வியே தெரியாத இன்னொருத்தர்கிட்ட குடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாத்தச் சொல்லி ஒத்துப் பார்க்கணும்னு பிரிஸ்லின் 1970-லயே எழுதி வச்சிருக்கார். அதுவும் நீ ஒப்பிச்ச பாடம்தான். அதுக்கு அப்புறமும் பெரியத்தை மாதிரி நாலு பேர்கிட்ட வாசிச்சுக் காட்டி, "இதுக்கு என்ன அர்த்தம்னு நினைக்கிறீங்க?"ன்னு கேக்கணும்.

அப்புறம் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் கட்டம். லிக்கர்ட்டுன்னு ஒரு அமெரிக்கர் 1932-ல போட்ட கட்டம். நம்ம ஆளுக்கு ஒரே பதில்தான், "பரவாயில்ல." அது எந்தக் கட்டம்? சோறு எப்படி இருக்குன்னு கேட்டு "பரவாயில்ல"ன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். மருமக எப்படின்னு கேட்டு "பரவாயில்ல"ன்னா பேசாம எந்திரிச்சுப் போயிடணும். உடம்பு எப்படின்னு டாக்டர் கேட்டு "பரவாயில்ல"ன்னா ஆம்புலன்ஸ் கூப்பிடணும். நீ மூணையும் நடுக்கட்டத்துல போட்டு, கேள்விங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு பார்க்கிற குரோன்பாக் ஆல்ஃபா 0.7 தாண்டிடுச்சுன்னு குதிச்ச. ஒவ்வொருத்தரும் தன் போக்குல எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரி மழுப்பினாலும் ஆல்ஃபா ஏறும் கண்ணு.

நீ போன பயிற்சிப் பட்டறைங்களைச் சொல்லாம விட்டா பாவம். எத்தனை! மூணு நாள்ல புள்ளிவிவரக் கணக்குப் போடுற எஸ்.பி.எஸ்.எஸ்., ரெண்டு நாள்ல அம்பு அம்பா படம் போடுற ஸ்மார்ட் பி.எல்.எஸ்., மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழ். எந்த பட்டனை அமுக்கணும்னு பக்காவாத் தெரியும் உனக்கு. எதுக்கு அமுக்குறன்னு கேட்டா, "எஸ்.வி. சொன்னாங்க." நான் உளி புடிக்கக் கத்துக்கிட்டப்ப கங்காணி என்னை நல்ல மரத்துகிட்டயே விடல. வெட்டிச் சாய்க்கப்போற கிழ மரமா காட்டி, இதுல வெட்டுடான்னார். பட்டைக்கு உள்ள, கட்டையைத் தொடாம, ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்தணும். ஆழம் போனா மரத்துக்குக் காயம், மேலோட்டமாப் போனா பால் இல்ல. வாரக்கணக்கா அந்தக் கிழ மரத்துலயே வெட்டினேன். நான் வெட்டின பக்கத்துலயே அவர் ஒரு வெட்டு வெட்டிக் காட்டுவார். ரெண்டையும் ஒத்துப் பார்த்தா எனக்கே வெக்கமா இருக்கும்.

உங்களுக்கும் அந்த மாதிரி கிழ மரம் இருக்கு. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல மைக்கேல் ஃபிராங்க்னு ஒரு பேராசிரியர், முறையியல் வகுப்புக்கு வர்ற மேற்படிப்புப் புள்ளைங்கள ஏற்கெனவே அச்சான ஆய்வு ஒண்ணை எடுத்து முதல்ல இருந்து மறுபடி செஞ்சு பார்க்க வைக்கிறாராம். பழைய வெட்டுக்குப் பக்கத்துல புது வெட்டு. என்ன விட்டுப்போச்சுன்னு அப்பத்தான் கை சொல்லும். நம்ம பக்கம் அதைச் சொன்னா, "புதுசா என்ன இருக்கு?"ன்னு புரோபோசல்லயே மடக்கிடுவாங்கன்னு நீ சொன்ன. புதுசு புதுசுன்னு அடிச்சுக்கிட்ட லட்சணத்தை 2015-ல பார்த்தாச்சே. நூறு உளவியல் ஆய்வை எடுத்து மறுபடி செஞ்சு பார்த்தாங்க. முதல்ல வந்தப்ப நூத்துக்கு 97 "இருக்கு, இருக்கு"ன்னு சொன்னது, மறுபடி பார்த்தப்ப நூத்துக்கு 36-தான் நின்னுச்சு. கிழ மரத்துல கை பழகாம நேரா நல்ல மரத்துல உளி வச்சா காடு அப்படித்தான் ஆகும்.

இப்ப நாலு நம்பர் லாட்டரிச் சங்கதி. நான் சும்மா பொழுதுபோக்குக்கு எடுக்கிறேன், உனக்கே தெரியும். புதன், சனி, ஞாயிறு. பத்தாயிரம் நம்பர்ல 23-க்குப் பரிசு. விழுந்தா மாமாக் கடையில எல்லாருக்கும் தே தாரேக், கனவுல அம்மன் வந்து சொன்னான்னு ஒரு கதை. விழாத வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கும். ஊர்ல கேட்டுப் பாரு, தாத்தா கை ராசியான கைன்னு சொல்லுவாங்க, ஏன்னா விழுந்தது மட்டும்தான் அவங்க காதுக்குப் போச்சு. உங்க பத்திரிகைங்களும் என்னை மாதிரிதான். விழுந்த ஆய்வு அச்சுக்குப் போகும், விழாதது மேசை இழுப்பறைக்குப் போகும். பி மதிப்பு 0.05-க்குக் கீழ வந்தா நட்சத்திரம் போடுறீங்களே, ஒண்ணுமே இல்லாத இடத்துல இருபது தடவை தனித்தனியா வீசிப் பாரு. ஒரு தடவையாவது நட்சத்திரம் வர்றதுக்கு நூத்துக்கு 64 வாய்ப்பு. வயசை ரெண்டாப் பிரிச்சுப் பார்த்த, ஆம்பள பொம்பளன்னு பிரிச்சுப் பார்த்த, கடைசியில "பத்து பகாட்டுல பிறந்த, நடுப்புள்ளையான, காப்பி குடிக்கிற முதியவர்களுக்குத் தனிமை அதிகம்"னு கண்டுபிடிச்ச. எனக்கு அம்மன் சொன்ன மாதிரிதான் உனக்கு எஸ்.பி.எஸ்.எஸ். சொல்லியிருக்கு.

வருங்காலத்தை முன்கூட்டியே உணரலாம்னே ஒருத்தர் நிரூபிச்சாராம்ல. கார்னெல்ல டேரில் பெம். 2011-ல, ஒன்பது சோதனை, ஆயிரம் பேருக்கு மேல. நல்ல பத்திரிகையிலயே வந்துச்சு. அதைக் கேட்டதும் எனக்கு மனசுக்குள்ள ஒரு ஆசை, என்ன நம்பர்னு கேக்கலாமான்னு. மத்தவங்க செஞ்சு பார்த்தப்ப ஒண்ணும் வரல. அவர் வழக்கமான முறைங்களையே வச்சுக்கிட்டு அந்த முடிவுக்கு வர முடிஞ்சுதுங்கிறதுலதான் உங்க ஆளுங்களுக்கு வேர்த்துச்சு.

நாலு நம்பர் கடைக்காரன் உங்களை விடக் கெட்டிக்காரன். குலுக்கலுக்கு முன்னாடியே நம்பரைச் சீட்டுல அச்சடிச்சுக் கையில குடுத்துடுறான். குலுக்கல் முடிஞ்சப்புறம் வந்து "நான் நினைச்சது இந்த நம்பர்தான்"னா அஞ்சு காசு குடுப்பானா? நீயும் கணக்கு எடுக்கிறதுக்கு முன்னாடியே எதைப் பார்க்கப்போற, எப்படிப் பார்க்கப்போறன்னு எழுதி, தேதி போட்டு, எல்லாரும் பார்க்கிற இடத்துல வச்சுடு. அதுக்கு இணையத்துல காசில்லாம இடம் இருக்குன்னு நீதான் சொன்ன.

ஒரு பாவத்தை ஒத்துக்கிறேன். ஒரு மழைக்காலம், பால் கொறைச்சல், உன் அப்பனுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ். வாளியில ஆத்துத் தண்ணி கொஞ்சம் ஊத்தினேன். எடை ஏறிச்சு. ஸ்டோர்ல கணக்கு எழுதுற கிராணி ஒண்ணும் பேசாம ஒரு கண்ணாடிக் குழலைப் பால்ல மிதக்க விட்டார். தண்ணி கலந்தா அது போடுற ஆட்டமே வேற. அவர் என் முகத்தையும் பார்த்தார், குழலையும் பார்த்தார். கூலியில வெட்டினது கூட மறந்துடுச்சு, அந்தப் பார்வை மறக்கல. நெதர்லாந்துல டில்பர்க்ல ஸ்டாபல்னு ஒரு பெரிய உளவியல் பேராசிரியர் தண்ணியே ஊத்தல, வாளி முழுக்கத் தண்ணிதான். ஆளையே கேக்காம எண்ணைத் தானே எழுதிக்கிட்டார். 2011-ல மாட்டினார். 58 கட்டுரை திரும்ப வாங்கினாங்க. காட்டிக் குடுத்தது பெரிய ஆளுங்க கிடையாது, அவர் துறையிலயே இருந்த மூணு இளவட்டங்க. உன் வயசுதான் இருக்கும்.

இப்ப நான் சொல்ல நினைச்ச விஷயத்துக்கு வர்றேன். இது எங்க தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் சொன்ன கதை. கிழவன் கதை விடுறான்னு நினைச்சு நீ லைப்ரரியில தேடி, நெசம்னு வாயப் பொளந்த கதை.

நூறு வருஷத்துக்கும் முன்னாடி மலாயாவுல பெரிபெரி சீக்கு. காலு வீங்கும், மரத்துப்போகும், நெஞ்சு நின்னுடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளிங்க கூட்டம் கூட்டமாச் செத்தாங்க. அதே மண்ணுல நம்ம தமிழ்க் கூலிங்களுக்கு அது அவ்வளவா வரல. நெகிரி செம்பிலான்ல பிராடன்னு ஒரு டாக்டர் இதைக் கவனிச்சார். சீனர் தின்னது சயாம்ல இருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி, தமிழன் தின்னது புழுங்கலரிசி. சரியாப் புடிச்சார். காரணத்தைத்தான் தப்பாச் சொன்னார். பழைய வெள்ளையரிசியில பூஞ்சை விஷம் ஏறுதுன்னு நம்பினார். பார்த்தது சரி, காரணம் தப்பு. இது ரெண்டும் வேற வேறன்னு உன் புத்தகத்துல முப்பது பக்கம் எழுதியிருக்கான்.

சும்மா பார்த்தது எப்படிப் போதும்? தமிழனுக்கும் சீனனுக்கும் அரிசி மட்டுமா வித்தியாசம்? வேலை வேற, வீடு வேற, குடிக்கிறது வேற. கள்ளுதான் எங்களைக் காப்பாத்துச்சுன்னு ஒருத்தன் சொல்லியிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில ஃபிளெட்சர்னு ஒரு டாக்டர் என்ன செஞ்சார் தெரியுமா? 1905 டிசம்பர் 5. நோயாளிங்க எல்லாரையும் சாப்பாட்டுக் கொட்டகையில வரிசையா நிக்க வச்சு நம்பர் போட்டார். ஒத்தைப்படைக்காரங்க கிழக்குக் கட்டடம், இரட்டைப்படைக்காரங்க மேற்குக் கட்டடம். ரெண்டும் ஒரே மாதிரி கட்டடம், நடுவுல ஒரு முற்றம், சுத்தி ஒரே மதில். கறி ஒண்ணு, காய் ஒண்ணு. அரிசி மட்டும் மாத்தம். கிழக்குக்குச் சயாம் அரிசி, மேற்குக்கு நம்ம புழுங்கலரிசி. பக்கத்துக்கு 120 பேர் சுமாரா. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா கிழக்குல பெரிபெரியில 18 பேர் செத்துட்டாங்க. மேற்குல அதுல ஒருத்தர் கூடச் சாகல. சீக்கு இருந்ததே ரெண்டு பேருக்கு, அவங்களும் வரும்போதே கொண்டு வந்தவங்க. 1907-ல லான்செட்டுல எழுதினார். அதே குதிரை வருஷம். அவ்வளவு செஞ்சுட்டும் தலைப்புல "முதற்கட்ட அறிக்கை"ன்னுதான் போட்டார். நீ வாட்ஸ்அப்ல தட்டி விட்டதுக்கு "ஒரு விரிவான ஆய்வு"ன்னு போட்டிருக்க.

அப்புறம் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து ஃபிரேசரும் ஸ்டான்டனும், ரோடு போட வந்த ஜாவாக்காரத் தொழிலாளிங்க முந்நூறு பேர் சுமாரை ரெண்டாப் பிரிச்சு, அரிசியை மாத்தி மாத்திக் குடுத்துப் பார்த்தாங்க. விஷம் எதுவும் ஏறலை, தவிட்டோட ஒண்ணு போயிடுதுன்னு தெளிஞ்சது. 1912-ல ஃபங்க் அந்த மாதிரி சங்கதிக்கு வைட்டமின்னு பேர் வச்சார். நெல்லை உமியோட புழுக்குறப்ப பி1 அரிசிக்குள்ள இறங்கிடுது. நம்ம பாட்டிங்க அதைத் தெரிஞ்சா புழுக்கினாங்க? பச்சரிசிச் சோறு வேலைக்குத் தாங்காதுன்னு புழுக்கினாங்க.

ஆனா கேளு. கிழக்குக் கட்டடத்துல நின்ன அந்தப் பதினெட்டுப் பேரு. உனக்குச் சம்மதமான்னு ஒருத்தரும் கேக்கல. மேற்குல ஒருத்தனும் விழல, கிழக்குல ஒவ்வொருத்தனா விழறான்னு தெரிஞ்சப்புறமும் வருஷம் முடியிற வரைக்கும் கணக்கு ஓடிச்சு. அவங்க பேரு எந்த ஏட்டுல இருக்கோ, கட்டுரையில இல்ல. ஜொகூர்ல கிண்டலுக்குக்கூட "தாம்போய்ல போட்டுடுவேன்"னு சொல்லுவோம். 1937-ல திறந்த அந்த மனநோய் மருத்துவமனைக்கு இப்ப பெர்மாய்னு பேரு. அங்க நீ ஆய்வு செய்யணும்னா தேசியப் பதிவுல பதியணும், சுகாதார அமைச்சு அறநெறிக் குழுகிட்ட அனுமதி வாங்கணும். உன் பல்கலைக்கழகக் கமிட்டி சம்மதப் படிவத்தைத் திருத்தித் திருத்தித் திருப்பி அனுப்புதுன்னு என்கிட்ட அழுத. அழாத. அந்தப் படிவத்துல ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் கிழக்குக் கட்டடத்து ஆள் ஒருத்தன் நிக்கிறான்.

சனிக்கிழமை திரும்ப வா. ஃபோனை வை, என் முகத்தைப் பாரு. "தோட்டத்தை விட்டு வந்த அன்னைக்கு என்ன செஞ்சீங்க?"ன்னு மட்டும் கேட்டுட்டு வாயை மூடிக்கோ. நான் பேசாம இருந்தா நீயும் பேசாம இரு, காப்பி ஆறினாலும் பரவாயில்ல. அடுத்து முனியாண்டி, அப்புறம் அவர் சொல்ற ஆள். முப்பது பேர் போதும்னு எஸ்.வி.கிட்ட நான் பேசுறேன், ஃபோன் நம்பர் குடு. வாட்ஸ்அப்ல வந்ததை அழிச்சுடாத, அது என்னன்னு உள்ளதை உள்ளபடி ஒரு பத்தி எழுதி வை. சம்மதப் படிவம் தமிழ்ல, பெரிய எழுத்துல கொண்டு வா. நான் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

அதுல ரகசியக் காப்புன்னு ஒரு வரி இருக்கும்ல? அதை முதல்ல காட்டு. இந்த வருஷம் நாலு நம்பருக்கு நான் விட்டது எவ்வளவுன்னு அதுக்கு அப்புறம்தான் சொல்லுவேன். உன் பாட்டி காதுக்கு அது போகக்கூடாது.